பதினாலாம் நம்பர் ஏணி

பத்து வருடமாக மலேசியாவில் கிள்ளான் ஊர்ப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் அலுமினிய ஏணிகளுக்குப் படி வெல்டிங் செய்கிறேன். அன்று காலை முதலாளி தியோ ஆளுக்கொரு சுத்தியலைக் கொடுத்து, செய்து வைத்த ஏணிகளையெல்லாம் நசுக்கச் சொன்னார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

“புது ஏணி முதலாளி. சுத்தின பிளாஸ்டிக்கைக்கூட இன்னும் பிரிக்கல,” என்றேன்.

“அதான் பிரச்னையே, சல்பியா. நல்ல ஏணியாப் போனா அமெரிக்காவுல விலையில பாதியை வரியாப் போடுறான். வாங்குறவன் வேணாங்கிறான். நசுங்கின கழிவாப் போனா வரி இல்ல, எடுத்துக்கிறானாம்.”

“அப்ப ஒழுங்கா செஞ்சா தண்டம், கெடுத்தா ஒண்ணுமில்லையா?”

“என்னைக் கேக்காத லா. எனக்கே தலை சுத்துது. இந்தக் கண்டெய்னர் கப்பல் ஏறலைன்னா வெள்ளிக்கிழமையோட வெல்டிங் பகுதியையே மூடிடுவேன். அது மட்டும்தான் எனக்குத் தெரியும்.”

மூடினால் நாற்பத்தேழு வயதுக்காரியை எவன் வேலைக்கு எடுப்பான்? சுத்தியலைத் தூக்கினேன். மற்றவர்கள் செய்ததையெல்லாம் ஓங்கி ஓங்கி அடித்தேன். செய்தவர் நம்பரை ஏணியில் பொறிப்பது எங்கள் பட்டறை வழக்கம்; என் நம்பர் பதினாலு. அதைப் பொறித்த ஏணிகள் கைக்கு வந்தபோது மட்டும் மனசு வரவில்லை.

பக்கத்தில் அடித்துக்கொண்டிருந்த ஸைத்துன் சிரித்தாள். “என்னக்கா, பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிறியா? அடி.”

“அடிச்சுட்டுத்தான்டி இருக்கேன்,” என்றேன். ஏணிக் காலில் சின்னக் குழி ஒன்று விழுந்தது. அது போதாதா?

போதவில்லை. வியாழக்கிழமை துறைமுகத்தில் சுங்க அதிகாரி கண்டெய்னரைத் திறக்கச் சொல்லிவிட்டார். விளக்கம் கேட்டால் சொல்ல ஆள் வேண்டுமென்று முதலாளி என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அதிகாரி வெளியே எடுத்து விரித்து நிறுத்திய ஏணியில் பதினாலு என்று இருந்தது.

“பேப்பர்ல கழிவுன்னு எழுதியிருக்கு. எனக்கு ஏணியாத்தான் தெரியுது,” என்றார் அதிகாரி.

“நசுங்கியிருக்கு பாருங்க துவான்,” என்று முதலாளி பணிவாகச் சொன்னார்.

“அப்ப ஏறிப் பாத்துருவோம். உடைஞ்சா கழிவு. தாங்குச்சுன்னா ஏணி, கண்டெய்னர் திரும்பிப் போகும். யார் ஏறுறீங்க?”

முதலாளி என்னைப் பார்த்தார். அங்கே கனத்த உடம்பு என்னுடையதுதான்.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். முதல் படியில் ஒரு முனகல்கூட இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் நின்று, அல்லாவே, உடைந்து தொலையட்டும் என்று என் எழுபத்தெட்டு கிலோவோடும் எம்பிக் குதித்தேன். ஏணி அசையவில்லை. பாழாய்ப்போன கை, இப்படியா ஒட்டவைக்கும்? பெருமையாகவும் இருந்தது, அழுகையும் வந்தது. எதற்கு இடம் கொடுப்பது என்று தெரியாமல் மேலேயே நின்றேன்.

“ஏணிதான்,” என்று அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு முதலாளியிடம் கேட்டார்: “ரொம்ப நல்ல வேலை. யார் செஞ்சது?”

முதலாளி தரையைப் பார்த்தார். நான் பதினாலைக் கையால் மறைத்தபடி கீழே இறங்கினேன். மறுநாள் வெள்ளிக்கிழமை.