ஆறாவது கேள்வி யாரை அளந்தது?

அன்று அறையில் ஐந்து பேர் இருந்தோம். சன்னலோரம், ஏசிக்கு நேர் கீழே, என் ஆய்வு நெறியாளர் வீரயா மேடம். அவருக்கு எதிரே நான். மேசையின் மறுபக்கம் முதலாண்டு மாணவன் கிளா. அவனை ஒட்டி, யாரும் அழைக்காமலே வந்திருந்த மூன்றாமாண்டு நத். கதவருகே, தன் முறைக்குக் காத்து, பையை மடியிலிருந்து இறக்காமல், இரண்டாமாண்டுப் பெண் நுன்.

நத் வந்ததில் எனக்கு வியப்பில்லை. தாய்லாந்தில் எங்கள் கோன் கேன் பல்கலைக்கழகத்தில் பதிவு எண்ணின் கடைசி இலக்கங்கள் எந்த மூத்த மாணவனோடு ஒத்துப்போகின்றனவோ, அவனே புதிதாய் வந்தவனுக்கு அண்ணன். தம்பியை அலுவலகம் கூப்பிட்டால் அண்ணன் துணைக்கு வருவான். தனித்தனியாகத்தான் பேச வேண்டும் என்பது விதி. ஆனால் வெளியே போ என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

கணினி, கைபேசி விளையாட்டுப் பழக்கம் நோயாகிவிட்டதா என்று அளக்கும் வெளிநாட்டுக் கேள்வித்தாளை எங்கள் மொழிக்குக் கொண்டுவந்து, மாணவர்களிடம் நிரப்பி வாங்கியிருந்தேன். எல்லாக் கேள்விகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின. ஆறாவது மட்டும் முரண்டு பிடித்தது. 'நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல் போயிருக்கிறதா?' படிப்பும் தூக்கமும் கெடாத பிள்ளைகள்கூட 'அடிக்கடி' என்று குறித்திருந்தார்கள். ஏன் என்று கேட்கத்தான் கிளாவையும் நுன்னையும் வரச் சொல்லியிருந்தேன். அது தெரிந்தால்தான் இந்தப் பருவத்தில் பட்டம். விழாவுக்கு வர அம்மா சொந்தக்காரர்களுக்கெல்லாம் சேர்த்து வேன் பேசிவிட்டாள்.

"கிளா, ஆறாவதுல எதை நினைச்சு அப்படிப் போட்ட?"

அவன் நத் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். "அது வந்துக்கா... அஞ்சு பேர் சேர்ந்தாத்தான் ஆட்டம். நடுவுல நான் எழுந்தா அண்ணனோட அணி கவுந்துடும். எப்படி எழுறது?"

"அண்ணன் இல்லாதப்போ?"

"அப்பவா? கொட்டாவி வந்தா மூடிட்டுப் படுத்துடுவேன்."

நத் நாற்காலியையே திருப்பிவிட்டான். "டேய், என்னடா சொல்ற? உனக்காகத்தானே நான் உட்கார்ந்திருந்தேன்! பாதியில விட்டுட்டுப் போனா மனசு நொந்துடுவியேன்னு!"

"எனக்கென்னண்ணே தெரியும்? 'இன்னொரு ஆட்டம் போடலாமா'ன்னு நீங்கதான் கேப்பீங்க."

"அது மரியாதைக்குக் கேட்டதுடா, மண்டு!"

வீரயா மேடம் தேநீரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "நத், நீ ஆறாவதுக்கு என்ன போட்ட?"

"'அடிக்கடி', மேடம்."

என் கேள்வி விளையாட்டு வெறியை அளக்கவே இல்லை. அடுத்தவர் முகம் வாடுமே என்ற கூச்சத்தை அளந்திருக்கிறது. இருவரும் வாசலில் செருப்பைத் தேடியபடியே சண்டையைத் தொடர்ந்து, மீன் உருண்டை தின்னப் போனார்கள்.

"ஆறாவதைத் தூக்கிடு, ருங்," என்றார் மேடம். "மீதியெல்லாம் நல்லா நிக்குது. இந்தப் பருவத்துலயே முடிச்சிடலாம்."

கதவருகே இருந்தவளை இருவருமே மறந்திருந்தோம்.

"அக்கா," என்றாள் நுன். "நான் தனியாத்தான் ஆடுறேன். போன்லேர்ந்து அழிச்சிடுவேன். விடியறதுக்குள்ள திரும்ப ஏத்திடுவேன். மார்க் நல்லாத்தான் வருது, யாரோடயும் சண்டை இல்ல. மத்த கேள்வி எதுவும் என்கிட்ட ஒட்டவே இல்ல. இதையும் எடுத்துட்டா என்னை எது அக்கா கண்டுபிடிக்கும்?"

மேடம் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்றே அவளை மனநல ஆலோசகரிடம் அழைத்துப்போனதும் அவர்தான். போகுமுன் என்னிடம், "ஒரு வார்த்தையை மாத்தினாலும் நெறிமுறைக் குழு அனுமதி வேணும். மறுபடி எல்லார்கிட்டயும் நிரப்பி வாங்கணும். பட்டமளிப்பு போயிடும். யோசிச்சுக்கோ," என்றார்.

அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"வேன்காரர்கிட்ட என்னடி சொல்றது?"

"அடுத்த வருஷம்னு சொல்லும்மா."

"அப்படி என்ன பொல்லாத கேள்வி அது?"

படித்துக் காட்டி, பெயரைச் சொல்லாமல் நுன்னைப் பற்றியும் சொன்னேன். "உன் சித்தி சீட்டாடக் கூப்பிட்டா என்னாலயும்தான் எழ முடியல. அப்ப எனக்கும் நோயா?"

"சித்தி இல்லாதப்போ சீட்டைத் தொடுவியா?"

"எதுக்குத் தொடப்போறேன்? சரி, சரி. அந்தப் பொண்ணுக்கு வேணும்னா எழுது. உன் அத்தைங்களுக்கு நான் சொல்லிக்கிறேன்," என்றாள்.

குழுவின் தலைவருக்குக் கடிதம் எழுதினேன். ஆறாவது கேள்வியின் தொடக்கத்தில் 'உங்களுக்காக யாரும் காத்திருக்காதபோதும்' என்று சேர்க்கவும், மாணவர்களிடம் மீண்டும் விடை வாங்கவும் அனுமதி கேட்டேன். மேடம் கையெழுத்திட்டார். உறையை ஒட்டி, முகவரியைச் சரிபார்த்து, தபால் பிரிவில் கொடுத்தேன்.