எங்கள் வீட்டுச் சைவக் கிறிஸ்துமஸ்

கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே அதிக மருமகப் பிள்ளைகள் உள்ள பெண் என் மனைவி செசிலியாதான். வேண்டுமானால் ஓசூர் ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டுப் பாருங்கள். வெளியூரிலிருந்து வந்து கம்பெனியில் வேலை செய்யும் பையனுக்கு அடிபட்டால், சொந்தக்காரர்கள் வந்துசேரும் வரைக்கும் உடனிருக்க ஓர் ஆள் வேண்டும். செசிலியா போய் நிற்பாள். "நீங்க யாரு?" என்று கேட்டால், "அத்தை" என்பாள். மதுரைப் பையனுக்கும் அத்தை, அஞ்செட்டிப் பையனுக்கும் அத்தை, ஒரு சொல் தமிழ் தெரியாத ஒடிசாப் பையனுக்கும் அத்தை.

நான் லாரி கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்ற அதே வாரம் இதைத் தொடங்கினாள். நாளெல்லாம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் ஓடுகிறாள் என்று தெருவெல்லாம் சொல்லிவந்தேன். ஒருநாள் அவளிடமே கேட்டுவிட்டேன்.

"ஆண்டவர் அங்க கட்டுப் போட்டுப் படுத்திருந்தா, நீங்க இப்படிக் கால் மேல கால் போட்டுப் பேப்பர் படிப்பீங்களா?" என்றாள்.

அன்றிலிருந்து அவள் வெளியே போன பிறகுதான் பேப்பரைப் பிரிக்கிறேன்.

போன டிசம்பரில் அவளுக்கு வாய்த்த மருமகன் ராஜேஷ்குமார். விருதுநகர்ப் பக்கத்துப் பையன். பிரஸ் மெஷினில் வலது கை மாட்டிக்கொண்டது. ஓர் ஆபரேஷன் முடிந்திருந்தது. வீக்கம் வடிந்த பிறகு இன்னொன்று. விரல்கள் தங்குமா போகுமா என்பது அதில்தான் தெரியும் என்றார் டாக்டர்.

அவன் அப்பா மாரிமுத்து வந்து சேர்ந்தபோது செசிலியா பையனுக்கு ஸ்பூனால் ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தாள். அவரோ கறுப்பு வேட்டி, வெறுங்கால், கழுத்தில் ஐயப்பன் மாலை.

"நீங்க யாரும்மா?"

"அத்தை" என்றாள் செசிலியா, பழக்க தோஷத்தில்.

"எனக்குக் கூடப் பொறந்த பொம்பளையே கிடையாதே."

வார்டே சிரித்தது. மாரிமுத்து சிரிக்கவில்லை. செசிலியாவின் கழுத்தில் கிடந்த ஜெபமாலையைப் பார்த்தார். "மதம் மாத்துற சோலின்னா வேற கட்டிலப் பாருங்கம்மா. எம்புள்ளைய நான் பாத்துக்கிறேன்."

செசிலியா பையனின் வாயைத் துடைத்துவிட்டு எழுந்தாள். "சரிங்க சாமி. நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்க, சைவந்தான்."

"இன்னைக்குச் சைவம். நேத்து உங்க அடுப்புல என்ன ஏறுச்சோ? வேணாம்மா."

நியாயமான கேள்விதான். நேற்று ஏறியது நாட்டுக்கோழி.

ஓட்டலிலும் அவர் சாப்பிடவில்லை. காலையும் மாலையும் குளித்து, சுத்தமான அடுப்பில் சமைத்ததைத்தான் சாப்பிட வேண்டும் என்பது விரதம். ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்திருப்பவருக்கு அடுப்பேது? வாழைப்பழத்திலேயே நாட்களை ஓட்டினார். ஆபரேஷனுக்கு முந்தைய நாள் காலையில் மாடிப்படியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். செசிலியாவும் நர்ஸ் சுமலதாவும்தான் பிடித்துத் தூக்கினார்கள்.

சுமலதாவுக்கு வீட்டில் கன்னடம், கோபம் வந்தால் தமிழ். "ஊட்டா ஆயித்தா, சாப்பாடு ஆச்சா சாமின்னு தினமும் கேக்கறேன், நீங்க வாழைப்பழத் தோலைக் காட்டறீங்க. ஒண்ணு, மாலையைக் கழட்டிட்டுச் சாப்பிடுங்க. இல்லன்னா ஊருக்குக் கிளம்புங்க. நாளைக்கு நீங்களும் விழுந்தா, உங்களுக்கு ஒரு கட்டிலுக்கு நான் எங்க போவேன்?"

"கழட்ட மாட்டேன்" என்றார் மாரிமுத்து. "அவனுக்கு அடிபட்ட சேதி வந்தன்னைக்கு அவன் கைக்காகப் போட்ட மாலை இது. இதக் கழட்டுனா அவன் வெரலும் கழண்டு போகும்."

இதை என்னிடம் சொல்லும்போதே செசிலியா சமையலறையை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் காலண்டரைப் பார்த்தேன். கிறிஸ்துமஸ் பிரியாணிக்கு எந்த எலும்பு எனக்கு, எந்த எலும்பு விருந்துக்கு வரும் எங்கள் சம்பந்திக்கு என்பது வரைக்கும் கறிக்கடை பாயிடம் பேசி முடித்திருந்தேன்.

"என்னங்க, பாய்க்கு போன் பண்ணிக் கறி வேணாம்னு சொல்லிடுங்க."

"கிறிஸ்துமஸுக்கா?"

"கிறிஸ்துமஸுக்குத்தான்."

எனக்கு இப்படியொரு தண்டனையை எந்த நீதிமன்றமும் தந்திருக்காது. அடுத்து நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். கூரையைத் தவிர எல்லாவற்றையும் கழுவினாள். பழைய பாத்திரங்கள் கட்டிலுக்கு அடியில் போயின, கடைவீதியிலிருந்து புதியவை வந்தன. முட்டைகள் எதிர்வீட்டுப் பொற்கொடியின் ஃபிரிட்ஜுக்குக் குடிபெயர்ந்தன. பொற்கொடியின் வீட்டுக்காரர் ஆனந்த் வருஷம் தவறாமல் மலைக்குப் போகிறவர், அந்த வருஷம் முன்னதாகவே போய்வந்து மாலையைக் கழற்றியிருந்தார். ஆகவே பொற்கொடிதான் பரிசோதகர்.

"அக்கா, என்னமோ வாசம் வருது" என்று மூக்கைத் தூக்கிக்கொண்டு வந்தவள், பரண்மேல் நான் பத்திரப்படுத்தியிருந்த கருவாட்டு டப்பாவுக்கு நேராக வந்து நின்றாள். "அண்ணா, இது எப்படி இங்க ஏறுச்சு?"

"எலி கொண்டுவந்திருக்கும்" என்றேன். முட்டைகளின் பின்னாலேயே டப்பாவும் எதிர்வீட்டுக்குப் போனது.

மத்தியானம் செசிலியா ஆஸ்பத்திரிக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன். சண்டை வந்தால் பார்க்கலாமே என்ற ஆசையும் உண்டு.

"சாமி, மாடி ரூமைக் கழுவி வெச்சிருக்கறேன். குளிக்கலாம், பூஜை பண்ணலாம். அடுப்பு, பாத்திரம் எல்லாம் புதுசாக்கியாச்சு. நீங்க மலைக்குப் போற வரைக்கும் எங்க வீட்டுல கறி மீன் கிடையாது. எங்க பண்டிகைக்கும் கிடையாது. நீங்களே வந்து பாருங்க."

மாரிமுத்து கையிலிருந்த வாழைப்பழத்தைக் கீழே வைத்தார். "இம்புட்டும் என்னத்துக்கும்மா? ஒங்க கோயிலுக்கு வரச் சொல்லுவீகளா?"

"வேண்டாம் சாமி. நீங்க உங்க மலைக்குப் போங்க. உங்க சாமிக்காக நீங்க மாலை போட்டு விரதம் இருக்கறீங்க. எங்க சாமிக்காக நான் செய்யறது இதுதான். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நீங்க வரவேண்டியதில்ல, சாப்பிட்டாப் போதும்."

அவர் வந்தார். சமையலறையைப் பார்த்தார், ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார். பரணைக்கூட எட்டிப் பார்த்தார். பொற்கொடி என்னைப் பார்த்தாள். நான் கிறிஸ்துமஸ் குடிலில் இருந்த பொம்மை ஆட்டுக்குட்டியை நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் மிஞ்சிய ஒரே ஆடு அதுதான்.

அன்று மாலை மாரிமுத்து குளித்துப் பூஜை செய்த நேரம் பார்த்துக் கரோல் பாட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். மாடியில் சரணம், வாசலில் கிதார். பையன்கள் அவர் தாளத்துக்கே வாசித்தார்கள் என்று நான் ஊரெல்லாம் சொல்கிறேன். செசிலியா இல்லை என்கிறாள். நீங்கள் என்னையே நம்புங்கள். பூஜை முடிந்து இறங்கி வந்தவர் இட்லிக் குண்டானைக் காலி செய்தார். மறுநாள் காலையிலும் காலி செய்துவிட்டு, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் தூண்போல நின்றார்.

மத்தியானம் தாண்டி டாக்டர் வெளியே வந்தார். சுண்டுவிரலின் நுனி மட்டும் போயிற்று, மற்றவை தங்கிவிட்டன. மாரிமுத்து மாலையைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சாய்ந்தார். செசிலியா ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு அடுத்த சுவரில் சாய்ந்தாள். எனக்குப் பிடிக்க ஒன்றுமில்லாததால் சுமலதாவின் கையிலிருந்த அட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

அட்டையைப் பிடுங்கிக்கொண்ட சுமலதா மாரிமுத்துவிடம் கேட்டாள்: "பையன் கூட ஒருத்தர்தான் இருக்கலாம். நீங்க குளிக்கச் சாப்பிடப் போகறப்ப யாரு இருப்பா? இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

"எந்தங்கச்சி."

"கூடப் பொறந்தவங்களே இல்லைன்னு சொன்னீங்க."

"யாரு சொன்னா? இந்தா நிக்கிதுல்ல."

செசிலியாவுக்கு அவரைவிட ஏழெட்டு வயது கூடுதல். அதை அங்கே நான் எடுத்துச் சொல்லவில்லை, எனக்கு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. ஆனால் அன்று ஆஸ்பத்திரி நடையில் என் மனைவிக்குப் பக்கத்தில் நடந்த நடை இருக்கிறதே, கம்பெனியில் சிறந்த தொழிலாளி கேடயம் வாங்கிய அன்றுகூட நான் அப்படி நடந்ததில்லை.

கிறிஸ்துமஸுக்குச் சாம்பார், வடை, பாயசம். சம்பந்தி என்னிடம் இன்றுவரை சரியாகப் பேசுவதில்லை.

பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் வாசலில் ஆட்டோ நின்றது. இறங்கியவர் மாரிமுத்து. மலைக்குப் போகும் முன் தங்கச்சிக்குப் பொங்கல் சீர் கொண்டுவந்திருந்தார்: புடவை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள்கொத்து. பின்னால் ராஜேஷ்குமார் ஒற்றைக் கரும்போடு வந்தான். வலது கையால் பிடித்திருந்தான். இறுக்கமான பிடி இல்லை, கரும்பு ஆடியது. ஆனாலும் இடது கைக்கு மாற்றாமல் வாசலிலிருந்து உள்ளே வரைக்கும் கொண்டுவந்து செசிலியாவிடம் கொடுத்தான்.

"அத்தை, புடிங்க" என்றான்.

அவள் கரும்பை வாங்காமல் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆகவே நான்தான் பேச வேண்டியதாயிற்று.

"மச்சான், சீரெல்லாம் சரி. சீரில ஒரு ஆடு குறையுதே."

"மாலையக் கழட்டிட்டு வாரேன் மாப்ள" என்றார் மாரிமுத்து. "ஆட்ட நானே ஓட்டிக்கிட்டு வாரேன். அந்தக் கருவாட்டு டப்பாவ மட்டும் பொற்கொடி வீட்லருந்து வாங்கி வையிங்க."