இலவசம் வேறு, கட்டற்றது வேறு

“அத்தை, கதவைத் தட்டுறதுக்குக்கூட யார்கிட்டயாவது அனுமதி வாங்கணுமா?”

காப்புரிமை என்றால் என்னவென்று விளக்கக் கேட்ட தம்பியின் மகள் ஒருமுறை இப்படிக் கேட்டபோது அக்காவும் தம்பியும் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவர்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

இருவரும் ஒரு கட்டற்ற மென்பொருளை வளர்த்து வந்தார்கள். கணினிக்குள் நுழைய வருபவர் இன்னார்தான் என்று உறுதிசெய்யும் மென்பொருள் அது. யாரும் எடுக்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். ஒரு சிறிய மருத்துவமனையும் அதைப் பயன்படுத்தி வந்தது. அதில் கடவுச்சொல் இல்லாமலே நுழையும் வழியைத் தம்பி எழுதிச் சேர்த்தான். மனைவியைப் பறிகொடுத்த வருடம் அது. அவனை எழுந்து நடமாட வைத்ததே அந்த வேலைதான்.

அந்த வழிமுறை எல்லோருக்கும் பொதுவானது என்றுதான் பேச்சு. திடீரென்று ஒரு நிறுவனம் அதன்மேல் காப்புரிமை கோரியது. கூடவே, “உரிமம் இலவசம்” என்றும் அறிவித்தது. அந்த ஒரு சொல்லைப் பார்த்ததுமே தம்பிக்கு மூச்சு வந்தது. அக்கா கடைசி வரி வரை படித்தாள். உரிமம் பெற்றவர் அதைப் பிறருக்குக் கைமாற்றக் கூடாது. ஒவ்வொருவரும் தனித்தனியே நிறுவனத்திடம் கையெழுத்திட வேண்டும்.

“காசு கேக்கலயே அக்கா, அப்புறம் என்ன?”

“இலவசம் வேற, கட்டற்றது வேறடா. நம்மகிட்ட வாங்குறவங்க பயமில்லாம இன்னொருத்தருக்குக் குடுக்கணும். நாளைக்கு அந்த ஆஸ்பத்திரி மேல கேஸ் போட்டா யாரு போய் நிக்கிறது?”

“ஆமா, பெரிய வக்கீலு! கறுப்புக் கோட்டு ஒண்ணுதான் குறைச்சல்.”

அவள் சிரிக்கவில்லை. “நீ சேர்த்ததை எடுத்துடலாம்டா.”

“அவ போனதுக்கப்புறம் நான் பைத்தியம் பிடிக்காம இருந்ததே அதனாலதான். உனக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

தெரிந்தும் எடுத்தாள். கண்ணை மூடி அவனுக்காக வேண்டிக்கொண்டு, அவன் எழுதியதையெல்லாம் வரி வரியாக நீக்கினாள். அவன் மகளைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டான். இவள் அழைத்தால் தொலைபேசியை எடுப்பதில்லை.

பிறகு அந்தச் சிறிய மருத்துவமனையின் தலைமைச் செவிலி அழைத்தார்.

“உங்க தம்பி எழுதின வழியிலதான் நாங்க நுழையறோம். அதை எடுத்துட்ட புதுசைப் போட்டா எங்க யாராலயும் உள்ள நுழைய முடியாதாமே? என்ன ஆனாலும் உங்களை வெளிய நிக்க வைக்க மாட்டேன்னு அவரு வாக்குக் குடுத்தாரும்மா. இப்ப ஆளையே காணோம்.”

பழியை அவன் தலையில் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவளுக்கு மனம் வரவில்லை.

“அவன் சொன்னா சொன்னதுதாம்மா. கவலைப்படாதீங்க.”

விடுமுறை நாளில், ஆளில்லாத அலுவலகத்தில் உட்கார்ந்து, யாரும் உரிமை கோராத பழைய வழி ஒன்றை அந்த மருத்துவமனைக்காகச் செப்பனிட்டாள். செவிலியரின் கணக்குகளை ஒவ்வொன்றாக அதற்கு மாற்றினாள். கடைசிக் கணக்கும் தடையின்றித் திறந்தது. தம்பி கொடுத்த வாக்கு நிறைவேறிவிட்டது.

அவனுக்கு அவள் எதுவும் எழுதவில்லை. விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.