ஜன்னல் வைத்த அடுக்களை

ஜுலைஹா பீவிக்குப் பொறாமை நெட் வழியாகத்தான் வந்து சேர்ந்தது. அதற்கு முன்னால் அவளிடம் இருந்தவை எல்லாம் சில்லறை மனத்தாங்கல்கள். ஒரே அடுக்களையில் இரண்டு பெண்கள் உலை வைத்தால் அதுகூட இல்லாமல் எப்படி இருக்கும்?

துபாய் கராமாவில் மூன்றாவது மாடியில் இரண்டு படுக்கையறை கொண்ட பழைய ஃபிளாட். ஓர் அறையில் ஜுலைஹா, அவள் கணவர் சுஐபு, பதின்மூன்று வயது மகள் ஆமிரா. மற்ற அறையில் ஃபவாஸும் அவன் மனைவி சப்ரீனாவும். ஹாலும் அடுக்களையும் பொது. இரண்டு குடும்பத்துக்கும் சொந்த ஊர் கீழக்கரை. அந்த ஊர் வழக்கப்படி சப்ரீனாவுக்கு ஜுலைஹா ராத்தா, அதாவது அக்கா; சுஐபு காக்கா, அதாவது அண்ணன். சுஐபு அந்த ஃபிளாட்டில் பதினோரு வருஷமாக இருப்பவர், மெட்ரோவுக்குப் பக்கத்தில் சூட்கேஸ் கடை வைத்திருப்பவர். ஃபவாஸ் அல் கூஸில் ஒரு குடோனில் சூப்பர்வைசர். கல்யாணம் முடித்து மனைவியோடு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது.

அடுக்களைக்கு ஒரு சட்டம் இருந்தது. காலை பதினொரு மணிவரை ஜுலைஹா, அதற்குப் பிறகு சப்ரீனா. இடது பக்கத்து இரண்டு பர்னர் மூத்தவளுக்கு, வலது பக்கம் இளையவளுக்கு. அடுக்களையில் ஜன்னல் கிடையாது. ஒரு பழைய காற்றாடி சுவரில் உறுமிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். மீன் பொரித்தால் ஆமிராவின் பள்ளிக்கூட யூனிஃபார்ம் வரை மணக்கும். நாளை மறுமையில் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால்கூட, ஜன்னல் வைத்த ஓர் அடுக்களை, அதுவும் எனக்கு மட்டும் என்று ஜுலைஹா சொல்லியிருப்பாள். பதினோரு வருஷ ஆசை அது. சுஐபுவிடம் கேட்டுக் கேட்டு வாய் வலித்து, கேட்பதையே விட்டுவிட்டாள்.

ஹாலில் ஒரு லேப்டாப் இருந்தது. கடையிலிருந்து கழித்து வீட்டுக்கு வந்தது. யார் எதற்கு ‘அலவ்’ கொடுத்தார்களோ, திறந்த உடனே மூலைக்கு மூலை பெட்டிகள் முளைக்கும். உங்கள் கம்ப்யூட்டரில் ஐந்து வைரஸ் என்று ஒன்று. நீங்கள் கார் ஜெயித்துவிட்டீர்கள் என்று ஒன்று. முதல் தடவை கார் விழுந்தபோது ஜுலைஹா ஊருக்குப் போன் போட்டுத் தங்கச்சியிடம் சொல்லிவிட்டாள். அந்த மானக்கேட்டை ஊர் இன்னும் மறக்கவில்லை.

சுஐபுவின் மெயிலும் அந்த லேப்டாப்பில்தான் திறந்தே கிடந்தது. அவருக்கு வாட்ஸப் போதும், மெயில் ஆகாது. ஆனால் குப்பை மெயில் சேர்ந்து பெட்டி நிரம்பிவிட்டால் சரக்கு அனுப்புகிறவர்களின் கடிதம் வராமல் போகும். அதனால் தினமும் காலையில் குப்பையைக் கூட்டித் தள்ளுகிற வேலை ஜுலைஹாவிடம் வந்தது. சொல்லிக் கொடுத்தது ஆமிரா.

“மிஸ்டர் சுஐபுன்னு பேர் போட்டு வரும் உம்மா. நம்பாதீங்க. தே நோ எவ்ரிபடிஸ் நேம். குப்பைன்னு தெரிஞ்சா பிளாக் குடுங்க, அந்த ஆளு மறுபடி அனுப்பினாலும் நமக்கு வராது.”

பத்தாம் வகுப்பு வரை படித்தவள் ஜுலைஹா. இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படிப்பாள், பாதி புரியும், மீதியை ஊகித்துக்கொள்வாள். பிளாக் கொடுப்பது அவளுக்குப் பிடித்துப் போயிற்று. அந்த வீட்டில் அவள் சொன்னால் உடனே கேட்டது அந்த ஒரு பட்டன்தான்.

ரமலானுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது விளம்பரங்கள் மாறின. கார் போயிற்று, வைரஸ் போயிற்று. எங்கே தொட்டாலும் வீடு. ஷார்ஜாவில் இரண்டு பெட்ரூம், குடும்பங்களுக்கு மட்டும், பள்ளிக்கூடம் பக்கம். ஜுலைஹா தன் போனில் மீன் குழம்பு வீடியோ பார்த்தாலும் நடுவே வீடு வந்து நிற்கும். அதிலும் ஒரு வீடு திரும்பத் திரும்ப வந்தது. வெள்ளை டைல்ஸ் போட்ட அடுக்களை, கழுவுகிற தொட்டிக்கு நேர் மேலே அகலமாக ஒரு ஜன்னல், ஜன்னல் திண்டில் ஒரு குட்டித் தொட்டியில் புதினா. மூலையில் இருக்கிற பெருக்கல் குறியைத் தேடி அவசரமாக மூடிவிடுவாள்.

நான் தேடாத வீடு எனக்கு ஏன் வருகிறது என்று மகளிடம் கேட்டாள். ஒரே வைஃபையில் இருக்கிற யாராவது ஒருவர் தேடினால் மற்றவர் போனுக்கும் அந்த விளம்பரம் வரும் என்று ஆமிரா தலை நிமிராமல் சொல்லிவிட்டு வீட்டுப் பாடத்தைத் தொடர்ந்தாள்.

ஒரே வைஃபை. ஆமிரா தேட மாட்டாள், சுஐபுவுக்குத் தேடத் தெரியாது, ஃபவாஸ் இருட்டும்வரை குடோனில். மிச்சம் யார்? பி.காம். படித்த சப்ரீனா. பத்து விரலாலும் பார்க்காமலே டைப் அடிக்கிற சப்ரீனா.

அன்றிலிருந்து ஜுலைஹாவுக்கு அடுத்த அறையின் சுவர் கண்ணாடியாகிவிட்டது. ஒரு நாள் திரைச்சீலை விளம்பரம் வந்தது. ஓஹோ, ஜன்னலுக்குத் துணி பார்க்கிறாளாக்கும். மறுநாள் நான்கு பர்னர் அடுப்பு வந்தது; ஆமாம், இந்த இரண்டு அவளுக்குப் பற்றாதுதான். வந்து இரண்டு வருஷம்தான், ஷார்ஜா லுலு சூப்பர்மார்க்கெட்டுக்கு எந்த பஸ் என்றுகூடத் தெரியாமல் நின்றவள். மீன் மார்க்கெட்டில் எந்தக் கடைக்காரன் செவுளைத் தூக்கிக் காட்டுவான் என்று சொல்லிக் கொடுத்தது யார்? காய்ச்சலில் படுத்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தது யார்? இருந்திருந்து இன்றைக்கு அவளுக்கு ஜன்னல், எனக்குக் காற்றாடி. ஜுலைஹாவுக்கு வயிறு எரிந்தது. எரிகிறது என்று அவளுக்கே தெரிந்தது, அணைக்க மனசில்லை.

இன்னொன்றும் கவனித்தாள். மத்தியானம் சாப்பிட வருகிற சுஐபு, அந்த லேப்டாப் பக்கம் சப்ரீனாவிடம் குனிந்து ஏதோ கேட்பார். ஜுலைஹா உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். சப்ரீனா திரையை மாற்றிவிட்டு, ஆமிராவின் ஸ்கூல் ஃபீஸ் ரசீது பார்த்தோம் ராத்தா என்பாள். கேட்பவள் என்ன பச்சைக் குழந்தையா?

விஷயம் விளங்கிவிட்டது என்று ஜுலைஹா முடிவு கட்டினாள். போகப் போகிறார்கள். ஃபிளாட் அவர் பேரில் இருப்பதால் சுஐபுவிடம் சொல்லியாயிற்று. தன்னிடம் மட்டும் மறைக்கிறார்கள். ஏன்? கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதே, அதனால். ஜுலைஹா ராத்தாவின் கண் பட்டால் பால் திரிந்துவிடும், வீடு கைவிட்டுப் போகும், அதனால். இந்த நினைப்புத்தான் அவளைக் குத்திக் கிழித்தது. நான் அப்படிப்பட்டவளா என்று தனக்குள் கேட்டுக்கொண்டாள். அந்தக் கோபத்தில் அன்றைக்கு சப்ரீனாவின் பர்னரில் பாலைப் பொங்கவிட்டு, துடைக்காமல் வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை அந்த மெயில் வந்தது.

ஆமிராவைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து, சமையலையும் முடித்துவிட்டு, வழக்கம்போல் குப்பை கூட்ட உட்கார்ந்தாள். முடி வளரும் எண்ணெய், பிளாக். கிரெடிட் கார்டு, பிளாக். மூன்றாவதைத் திறந்ததும் கை நின்றது. அதே வெள்ளை டைல்ஸ். அதே ஜன்னல். அதே புதினா. மேலே மிஸ்டர் சுஐபு என்று இருந்தது. அது எல்லாக் குப்பையிலும் இருப்பதுதான். கீழே இறங்கினாள். மிஸ் சப்ரீனா என்று ஓரிடத்தில் தெளிவாக இருந்தது. ஓனர், ஓகே, கன்ஃபர்ம், வெட்னஸ்டே என்றும் இருந்தது.

இது குப்பை இல்லை என்று ஜுலைஹாவுக்குத் தெரிந்தது. இதைச் சொல்லாமல் கதையை நகர்த்தினால் அவளுக்கு நான் வக்காலத்து வாங்கியதாகிவிடும். நன்றாகவே தெரிந்தது. இந்த ஃபிளாட்டின் நெட்டுக்கும் கரண்டுக்கும் இருக்கிற ஒரே மெயில் முகவரி சுஐபுவுடையது. அதைத்தான் சப்ரீனாவும் வீட்டு ஏஜெண்டுக்குக் கொடுத்திருக்கிறாள். ஓனர் சம்மதித்துவிட்டார், புதன்கிழமைக்குள் சரி என்று பதில் போட வேண்டும். அவ்வளவையும் அவள் எழுத்துக் கூட்டியே படித்து முடித்தாள். பாதி இங்கிலீஷ் தெரிந்தவளுக்குப் பொறாமை மீதியைச் சொல்லிக் கொடுத்துவிட்டது.

அடுக்களையில் சப்ரீனா பாட்டு முணுமுணுப்பது கேட்டது. மணி பத்தேமுக்கால். இன்னும் கால் மணி நேரம் அது ஜுலைஹாவின் அடுக்களை. அதற்குள் போய் நின்றுகொண்டு பாட்டு வேறு.

ஜுலைஹா பிளாக் கொடுத்தாள். மெயில் மறைந்தது. திரையில் முடி எண்ணெய்க்குப் பிறகு எதுவுமே வராததுபோல் சுத்தமாக இருந்தது.

அந்த வாரம் அவள் ரொம்ப நல்லவளாக இருந்தாள். சப்ரீனாவின் பர்னரையும் சேர்த்துத் துடைத்தாள். தொதல் அல்வா கிண்டி முதல் துண்டை அவளுக்கே கொடுத்தாள். சப்ரீனா தினமும் மத்தியானம் லேப்டாப்பைத் திறந்து, எதையோ தேடி, முகம் வாடி மூடுவதைப் பார்க்கும்போது நெஞ்சுக்குள் ஏதோ உறுத்தத்தான் செய்தது. வேறு வீடா கிடைக்காது இவளுக்கு, சின்னப் பெண், காலம் கிடக்கிறது என்று அந்த உறுத்தலுக்கு சமாதானம் சொல்லிப் படுக்க வைத்தாள். புதன் போயிற்று. வியாழனும் போயிற்று.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு சுஐபு வந்தார். பிரியாணி தட்டு எடுத்து வைத்தாள். அவர் உட்காரவில்லை. முகம் செத்துப் போயிருந்தது. நேராக சப்ரீனாவைக் கூப்பிட்டு, ஏஜெண்டுக்கு இப்போதுதான் போன் போட்டேன் என்றார். திங்கட்கிழமையே மெயில் போட்டானாம், செவ்வாயும் ஒன்று போட்டானாம், பதில் இல்லை என்று நேற்று வேறு பார்ட்டிக்குக் கையெழுத்து ஆகிவிட்டதாம்.

சப்ரீனா முக்காட்டு நுனியை வாயில் வைத்துக்கொண்டாள். தினமும் பார்த்தேனே காக்கா, வரவே இல்லையே என்றாள்.

யாருக்கோ வீடு போனால் நீங்கள் ஏன் இப்படி இடிந்து போகிறீர்கள் என்று ஜுலைஹா கேட்டாள். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

சுஐபு அவளைப் பார்த்தார். “உனக்குத்தான் புள்ள, வீடு பார்த்தேன். பதினோரு வருஷமா ஜன்னல் ஜன்னல்னு கேட்டியே. எனக்கு இங்கிலீஷ் ஓடாது, அதான் இந்தப் புள்ளையைத் தேடச் சொன்னேன். முடியறதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லி, கிடைக்காமப் போனா நீ தாங்க மாட்டியேன்னு மறைச்சேன்.”

ஜுலைஹாவின் கையில் பிரியாணிக் கரண்டி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அதற்குள் ஆமிரா லேப்டாப் முன் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஸ்பாமில் இரண்டு மெயிலும் இருந்தன, முதல் மெயில் திறந்து படித்ததாகவும் இருந்தது. “யாரோ பிளாக் பண்ணியிருக்காங்க வாப்பா. இட்ஸ் நாட் ஆட்டோமேட்டிக்” என்று சொன்னவள், சட்டென்று உம்மாவைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். தினமும் காலையில் பிளாக் கொடுப்பது யார் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

சப்ரீனாவும் பார்த்தாள். ஒரு கணம்தான். பிறகு சுஐபு பக்கம் திரும்பி, “நான்தான் காக்கா. திங்கக்கிழமை விளம்பரம்னு நெனச்சு அழுத்திட்டேன்போல. எம் புத்தி” என்றாள்.

சுஐபு பெருமூச்சு விட்டார். விடு புள்ள, நசீபு இல்லை, நமக்குக் கொடுத்து வைக்கவில்லை என்றார். அதோடு முடிந்திருக்கும். ஜுலைஹா பேசாமல் நின்றிருந்தால் போதும், ஆயுசுக்கும் யாரும் கேட்கப் போவதில்லை.

ஆனால் அவளால் நிற்க முடியவில்லை. அவள் அப்போது நியாயத்தை நினைத்தாள் என்றோ அல்லாஹ்வுக்குப் பயந்தாள் என்றோ சொன்னால் பொய். படிப்பு அவளுக்கு, இளமை அவளுக்கு, புருஷனும் மகளும் நம்பிக் கேட்பதும் அவளை. இப்போது என் பாவத்தையும் வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு அந்த நல்ல பெயரும் அவளுக்கா? அதைக் கொடுக்க ஜுலைஹாவுக்கு மனம் வரவில்லை.

“அவ இல்லை. நான்தான் அழுத்தினேன்” என்றாள். “படிச்சுப் பார்த்துட்டுத்தான் அழுத்தினேன்.” பிறகு சப்ரீனாவைப் பார்த்து, “உன் வீடுன்னு நெனச்சேன்” என்றாள்.

அடுக்களையில் காற்றாடி உறுமிக்கொண்டிருந்தது. சுஐபு நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தன் கையே தன் கண்ணைக் குத்தினால் யாரைப் போய்க் கோபிப்பது?

சப்ரீனாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. “எனக்கு எதுக்கு ராத்தா வீடு? நீங்க போயிட்டா இந்த வீட்ல நான் யாரோட இருப்பேன்னு ரெண்டு நாளு அழுதேன். கிடைக்காமப் போனா நல்லாருக்குமேன்னுகூட ஒரு தடவை நெனச்சேன்.”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அறைக் கதவு மெதுவாகத்தான் சாத்தப்பட்டது. ஆமிரா லேப்டாப்பை மூடப் போனாள். அதற்குள் திரையின் மூலையில் அந்தப் பெட்டி மறுபடி முளைத்தது. வெள்ளை டைல்ஸ், ஜன்னல், புதினா. ஆமிரா அவசரமாகப் பெருக்கல் குறியைத் தேடினாள்.

“இருக்கட்டும்” என்றாள் ஜுலைஹா.

அருகில் போய், கரண்டியைக் கையில் பிடித்தபடியே பார்த்தாள். இத்தனை நாளும் மூடுகிற அவசரத்தில் சரியாகப் பார்க்கவில்லை. ஜன்னல் அவள் நினைத்ததைவிடப் பெரியது. வெளிச்சம் தொட்டிவரை விழுந்து கிடந்தது. அடுத்த வாரம் அங்கே எவளோ ஒருத்தி மீன் பொரிப்பாள், புகை பாட்டுக்கு வெளியே போகும். பெயரும் தெரியாது, முகமும் தெரியாது, எந்த ஊர்க்காரி என்றும் தெரியாது. அவள் மேல் ஜுலைஹாவுக்குப் பொறாமையாக வந்தது.