ரொட்டேஷன் கிட்டார்

செங்கல்வராயனிடமிருந்து அழைப்பு வந்தபோது ஷோபனா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், உங்குளுது முடிஞ்சுபோச்சு. சனிக்கெயம வந்து எடுத்துக்கோங்க. வரச்சொல்லோ மறக்காம ரொட்டேஷனையும் எடுத்துகினு வாங்க" என்றார் அவர்.

இரண்டரை வருடங்களாகக் காத்திருந்த செய்தி. சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் கண்கள் தாமாகவே அலமாரி ஓரம் சாய்ந்து நின்ற, வர்ணம் பூசாத அந்த மரக் கிட்டாரின் பக்கம் போயின. அதைத்தான் அவர் ரொட்டேஷன் என்பார். அது அவளுடையது இல்லை.

ஷோபனா திண்டுக்கல்லிலிருந்து வேலைக்கு வந்து, அம்பத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்து, கல்யாணத்துக்குப் பின் திருவேற்காட்டில் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்தவள். கல்லூரியில் பிடித்த பழக்கம், பேஸ் கிட்டார். தடித்த நாலு கம்பி, அடிவயிற்றில் கேட்கும் சத்தம். மேடையில் பாடுபவரைப் பார்ப்பார்கள், டிரம்ஸ்காரரைப் பார்ப்பார்கள், பேஸ் வாசிப்பவரை யாரும் பார்ப்பதில்லை. அது நின்றுபோனால்தான் ஏதோ குறைகிறதே என்று நிமிர்வார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. தன் சுபாவத்துக்கென்றே செய்துவைத்த வாத்தியம் என்று நினைத்துக்கொள்வாள். அலுவலக நண்பர்களோடு சனி ஞாயிறுகளில் வாசித்து வந்தாள்.

பிறகு இடது கையின் கடைசி இரண்டு விரல்களும் மரத்துப்போக ஆரம்பித்தன. கடையில் வாங்கிய பேஸ் அவள் உடம்புக்கு நீளம், தோளுக்குக் கனம். இதை விட்டுவிடுங்கள், இல்லையென்றால் உங்கள் அளவுக்கு ஒன்று தேடிக்கொள்ளுங்கள் என்றார் பிசியோதெரபிஸ்ட். எந்தக் கடையிலும் அவள் அளவுக்கு இல்லை. அப்படித்தான் சென்னீர்குப்பத்தில் ஒரு தகரக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தாள். செங்கல்வராயன் ஒரு காலத்தில் இரும்பு வார்ப்படத்துக்கு மர மாதிரிகள் செய்தவர். இப்போது பேஸ் கிட்டார் மட்டும்தான், அதுவும் கையாலேயே. வருடத்துக்கு ஒன்றிரண்டு முடிந்தால் அதிகம். தையல்காரர் போல அவள் உள்ளங்கை, விரல், தோள் எல்லாவற்றையும் அளந்துவிட்டு விலையைச் சொன்னார். ஒரு லட்சத்து எண்பதாயிரம்.

அன்று வீட்டில் கோகுல்நாத் கணக்குப் போட்டான். "ஷோபி, நாலு கம்பிதானே? ஒரு கம்பிக்கு நாப்பத்தஞ்சாயிரம். ரெண்டு கம்பி போதும்னு கேட்டுப் பாரேன்."

சிரித்துவிட்டு முன்பணத்தை அவன்தான் அனுப்பினான். அவன் அவளை ஏன் என்று கேட்கவில்லை. அந்த இரண்டு விரல்களை அவள் ராத்திரியில் தேய்த்துக்கொண்டே இருப்பதை அவன் பார்த்திருந்தான்.

காத்திருப்புக்கு செங்கல்வராயன் ஒருபோதும் வருத்தம் தெரிவித்ததில்லை. "காசு குடுத்தா மரம் சீக்கிரம் காஞ்சிருமா மேடம்? கிட்டார் கழுத்த செதுக்கி வெச்சா ஒரு மழ பாக்கணும், ஒரு வெயில் பாக்கணும். கோணாம நின்னாத்தான் உங்க கைல குடுப்பேன். கோணிச்சின்னா அடுப்புக்கு" என்பார். அவளுக்காகச் செதுக்கிய கழுத்து முதல் மழையிலேயே கோணி, அடுப்புக்குப் போனது. மறுபடி முதலிலிருந்து.

காத்திருப்பவர்களின் வயிற்றெரிச்சலுக்கு மருந்தாகத்தான் அவர் ரொட்டேஷனை விட்டிருந்தார். மிச்ச மரத்துண்டுகளை ஒட்டி அவர் முதன்முதலில் செய்து பார்த்தது அது. மரம் போதாததால் குட்டையாக, இலேசாக அமைந்துவிட்டது. வரிசையில் முதலில் நிற்பவர் அதை வைத்துக்கொள்ளலாம். தன்னுடையது கைக்கு வந்த அன்றே, அடுத்தவர் வீட்டுக்குத் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். சட்டம் அவ்வளவுதான்.

போன வருடம் அது ஷோபனாவிடம் வந்தது. முதல் வாரம் ஐந்து நிமிடம் வாசித்தாள். பிறகு பத்து. ஆடி மாதம் ஒருநாள் முழுப்பாட்டு ஒன்றை வாசித்து முடித்த பிறகுதான், விரல்கள் மரத்துப்போகவில்லை என்பதைக் கவனித்தாள். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் சத்தத்தில் கொஞ்ச நேரம் அழுதாள். யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அந்த மரத்துக்குத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு, அவள் அறியாமலேயே அந்த நன்றி வேறொன்றாக மாறிக்கொண்டிருந்தது. என் விரலைத் திருப்பித் தந்தது இது, ஆகவே இது என்னுடையது.

சனிக்கிழமை கொட்டகையில் புதியது மேசைமேல் கிடந்தது. பலாமரத்தின் மஞ்சள், வழுவழுப்பான கழுத்து. அவள் மடியில் வைத்தாள். எங்கும் இடிக்கவில்லை. விரல்கள் போக வேண்டிய இடத்துக்குப் போயின. ஆனாலும் புதுவீட்டில் முதல் நாள் விளக்கு சுவிட்சைத் தேடுவதுபோல் இருந்தது. சுண்டுவிரல் நுனியில் லேசாக ஏதோ ஊர்ந்தது. நிஜமா, பயமா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்கலாமா? இத அடுத்தவங்களுக்குக் குடுத்துடுங்க. நான் பழசையே வெச்சுக்கிறேன். காசு திருப்பித் தர வேணாம்."

செங்கல்வராயன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி சட்டையில் துடைத்தார். "அல்லாரும் கேட்டதுதான் மேடம். நீங்கதான் லேட்டு. உங்க ஊட்டுக்கு எடுத்தாந்தாரே ரசாக் பாய், அவரு போன்லயே கேட்டாரு. மூணு நாளு எங்கிட்ட பேசல."

அப்துல் ரசாக் அவளுக்கு நினைவுக்கு வந்தார். படுக்கை விரிப்பில் சுற்றி எடுத்து வந்து கொடுத்துவிட்டு, மூன்று டீ குடித்தும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்த பெரியவர். பேச்சுத் துணை இல்லாதவர் போலும் என்று அன்று நினைத்துக்கொண்டாள். இப்போது முகம் சூடானது.

"இது ஒருத்தருக்குன்னு குடுக்கிற பொருள் இல்ல மேடம். நானே கேட்டாலும் எனக்கு கெடையாது" என்று சொல்லிவிட்டு, அடுத்தவரின் முகவரியை அவள் போனுக்கு அனுப்பினார். தேவிப்பிரியா, நெமிலிச்சேரி ரயில்வே ஸ்டேஷன் அருகில்.

வெளிவட்டச் சாலையில் கோகுல் ஓட்டினான். பின் சீட்டில் இரண்டு கிட்டார்கள். அவள் மனதுக்குள் ஒரு பொய்யை ஒத்திகை பார்த்தாள். கழுத்தில் ஒரு விரிசல் தெரிகிறது, சரிசெய்து பிறகு தருகிறேன். நம்பக்கூடிய பொய். ஒரு மாதம் கிடைக்கும். ஒரு மாதத்தில் புதியது பழகிவிடும், அல்லது பழகாது.

"வண்டியத் திருப்பட்டுமா?" என்றான் கோகுல், சாலையைப் பார்த்தபடியே.

அவள் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச தூரம் போனபின், "நேராவே போலாம்" என்றாள்.

தேவிப்பிரியாவுக்கு இருபத்தைந்து வயதுக்குமேல் இருக்காது. கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் போகும் மெல்லிசைக் குழுவில் வாசிப்பவள். முன்பணம் கட்டுவதற்காகத் தன் பழைய பேஸை விற்றுவிட்டாளாம். கச்சேரி அன்று மட்டும் வாடகைக்கு எடுப்பாளாம். வாசலிலேயே நின்றிருந்தாள். ஷோபனா பொய்க்காக வாயைத் திறப்பதற்குள், தூங்கும் குழந்தையை வாங்குவதுபோல் இரண்டு கைகளாலும் ரொட்டேஷனை வாங்கிக்கொண்டுவிட்டாள்.

"உள்ள வாங்கக்கா. ஊட்ல வாசிச்சு அஞ்சு மாசம் ஆவுது. கைய வெச்சுகினு சும்மா இருக்க முடில."

"சும்மாவா இருந்தா?" என்றார் அவள் அம்மா வேம்புலியம்மாள், உள்ளேயிருந்து. "சோறு துன்னச்சொல்லோகூட தட்டுல தாளம். மூணு தட்டு நெளிஞ்சு போச்சு. குந்துங்கம்மா." கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கா இம்மாம் துட்டு கட்டுன? கட்டில் கால் மாதிரி கீது."

"ஐய, இது வேற ம்மா. என்னுது வர இன்னும் ஒரு வருசம் ஆவும்."

"அதுக்குள்ள உனக்குக் கல்யாணமே ஆயிடும்."

"மரம் காயட்டும், அப்பால பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே அவள் சிறிய ஒலிபெருக்கிப் பெட்டியில் ஒயரைச் சொருகினாள். கண்ணை மூடி ஒரு கணம் இருந்தாள். வாசித்தாள்.

ஷோபனா நிமிர்ந்தாள். இது அந்தக் கிட்டார்தானா? அவள் வீட்டில் ஒரு வருடமாக அது மெதுவாக, உருண்டையாக, யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல் பேசிக்கொண்டிருந்தது. இங்கே அது துள்ளியது. வெட்டி வெட்டி, சண்டைக்கு இழுப்பதுபோல், சிரிப்பதுபோல் பேசியது. அதே மரம், அதே கம்பிகள். அந்த மென்மை மரத்தினுடையது என்று அவள் நம்பியிருந்தாள். அந்த நிதானத்தை, விரல்களைத் தாங்கிப் பிடித்த பொறுமையை, எல்லாவற்றையும் அதனுடைய கணக்கில் எழுதி வைத்திருந்தாள். இப்போது எதிரில் உட்கார்ந்து கேட்டபோது, அதில் ஒரு சொட்டுகூட அங்கே இல்லை. அது அவளிடமே இருந்திருக்கிறது.

பறிபோன துக்கம் வரும் என்று எதிர்பார்த்திருந்தாள். வந்தது வேறு. முகம் தெரியாமல் இதை அவளுக்கு முன்னால் வைத்திருந்து, பிரிய மனமில்லாமல் பிரிந்து, கைமாற்றிக் கைமாற்றித் தன் வாசல்வரை கொண்டுவந்து சேர்த்த எல்லோரையும் நினைத்து வந்த ஒரு நெகிழ்ச்சி. அதில் ஒருவர் மனம் மாறியிருந்தாலும் அவள் விரல்கள் இன்னும் மரத்தே இருந்திருக்கும்.

தேவிப்பிரியா நிறுத்தினாள். "அக்கா, உங்குளுத காட்ட மாட்டீங்களா?"

ஷோபனா கோகுலைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே கார் சாவியோடு எழுந்துவிட்டான். உறையைத் திறந்து மடியில் வைத்தபோது வேம்புலியம்மாள், "இது சோக்கா கீது. பூஜ ரூம்ல வெக்கலாம்" என்றார்.

பெட்டியில் இன்னொரு துளை இருந்தது. ஒயரைச் சொருகினாள். பலாமரக் கழுத்து கைக்குள் குளிர்ச்சியாக இருந்தது. முதல் சுரம் தப்பியது. இரண்டாவதும் தப்பியது. சுண்டுவிரல் தேடி, தடுமாறி, பிறகு கம்பியைக் கண்டுபிடித்து அழுத்தியது. மரத்துப்போகவில்லை.

தேவிப்பிரியா வேகத்தைக் குறைத்துக்கொண்டாள். ஷோபனா வந்து சேர்ந்துகொள்ளும்வரை, அதே நாலு சுரங்களையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தாள்.