சின்னாத்தாள் பனி பார்த்த நாள்

தமிழ்ச்செல்வன் காஷ்மீர் எல்லையில் பனிமலைக்குள் காணாமல் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. இறந்துவிட்டான் என்று பட்டாளத்திலிருந்து சொல்லிவிட்டார்கள், உடல் வரவில்லை. முகத்தைப் பார்க்காமல் எந்தச் சடங்கும் செய்யமாட்டேன் என்று அவன் தாய் சின்னாத்தாள் ஒரே பிடியாக நின்றாள். அதனால் அவன் மனைவி பொற்கொடி சூலூர் வீட்டில் தாலியோடும் பொட்டோடும்தான் இருந்தாள். விசேஷ வீடுகளில் அவளைக் கண்டதும் பேச்சு நின்றுபோகும். தான் இன்னார் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

மார்கழி மாதம், அவனோடு வேலை பார்த்த அருள்குமார் லீவில் வந்தான்.

"பனிக்கு அடியில குகையாட்டம் வெடிப்பு இருக்குமுங்கம்மா. மேல நடக்கறவனுக்குத் தெரியாது. செல்வன் முன்னால போனான். கயிறு கட்டி நாங்க எறங்கித் தேடுனமுங்க. அடி தெரியலீங்க."

சின்னாத்தாள் கேட்டாள்: "பனின்னா காலையில புல்லு மேல நிக்கற தண்ணி. அது எப்படிச் சாமி ஆளை முழுங்கும்?"

அருள்குமார் ஒரு வாரம் கழித்துத் தன் மாமனின் காரை வாங்கிக்கொண்டு வந்தான். "ஊட்டியில உறைபனி உழுகுதாமுங்க. வாங்க, போயிட்டு வந்தர்லாம்."

பின்னிரவிலேயே கிளம்பி, வெளிச்சம் வரும்போது ஊட்டியைத் தாண்டியிருந்தார்கள். பள்ளத்துப் புல்வெளி முழுக்கச் சுண்ணாம்பு அடித்ததுபோல் கிடந்தது. அழகாக இருக்கிறது என்று பொற்கொடிக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகக் கூசிப்போனாள்.

அருள்குமார் அவர்களை ஓடைக்கரைக்கு அழைத்துப் போனான். தண்ணீர் அரித்துக் கரையில் ஒரு பொந்து விழுந்திருந்தது. உள்ளே கசிந்த நீர் கண்ணாடி வேர்களாக உறைந்து தொங்கியது.

"இது மொழங்கை ஆழந்தானுங்கம்மா. அங்க இதே மாதிரி, தென்னமர ஒசரத்துக்கு மேல."

சின்னாத்தாள் குந்தி உட்கார்ந்து பொந்துக்குள் கையை விட்டாள். விரல்கள் சிவந்தன. பிறகு வெளுத்தன.

"போதுங்க அத்தை," என்று பொற்கொடி தோளைத் தொட்டாள்.

"உடு கண்ணு."

கையை வெளியே எடுத்தபோது விரல்கள் மடங்கவில்லை. "இப்ப வலிக்கவே இல்லையே சாமி?"

"மொதல்ல எரியுமுங்க. அப்பறம் மரத்துப்போயிரும். அப்பறம் தூக்கம் வந்துருமுங்க."

"நெசமாலுமா? எனக்காகச் சொல்றயா?"

"நானே ஒருக்கா அப்படிக் கெடந்து எந்திரிச்சவனுங்க."

திரும்பும் வழியெல்லாம் பொற்கொடி அத்தையின் அந்தக் கையைத் தன் இரண்டு உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

மேட்டுப்பாளையத்தில் பவானிப் பாலம் வந்ததும் சின்னாத்தாள் காரை நிறுத்தச் சொன்னாள்.

"எம் புள்ளைக்கு இங்கயே தலைமுழுகிர்றேன்."

படித்துறையில் இறங்கியவள் திரும்பிப் பார்த்தாள். பொற்கொடியின் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

"அதை நான் கேக்கமாட்டேன் கண்ணு. வெச்சுக்கறதும் கழட்டறதும் உன்ற இஷ்டம். ஊர்ல எவ கேட்டாலும் நான் பேசிக்கறேன்."

பொற்கொடி அன்று அதைக் கழற்றவில்லை. மாசி மாதம்தான், யாரும் சொல்லாமல், தானே கழற்றினாள். பவானிக்கரையில் நின்ற அந்த மார்கழி நாளில் அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு ஆற்றில் இறங்கி முழுகினாள். எழுந்தபோது அழுகை பீறிட்டது. ஒரு வருஷமாக யார் முன்னாலும் அவள் அழுததில்லை. சின்னாத்தாள் அவள் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அருள்குமார் கரையில் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றான்.