கில்பாரோ இடைத்தேர்தல்

திருவள்ளூர் கோர்ட்டுக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த டேட்டா என்ட்ரி ஆபீஸில் அந்த மாதம் எல்லோருடைய வாயிலும் புரண்ட ஊர் கில்பாரோ. அது அயர்லாந்தில் இருந்த ஒரு நாடாளுமன்றத் தொகுதி. ஒழித்துக்கட்டி நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. தொடக்கத்தில் மொத்த வாக்காளர்கள் பதின்மூன்று பேர். பிறகு சீர்திருத்தம் வந்து இருநூறு ஆனார்கள். பதின்மூன்று பேரும் பார்லோ துரைக்கே ஓட்டுப் போட்டார்கள், இருநூறு பேரும் அப்படியே. பாதித் தேர்தல் எதிர்த்து நிற்க ஆளே இல்லாமல் அன்னப்போஸ்ட். இந்த வீர வரலாற்றை லண்டனில் ஓர் ஆராய்ச்சியாளர் பட்டியலாகக் கேட்டிருந்தார்.

பட்டியலைத் தட்டியவள் சோழவரத்து சமீனா. சேர்ந்து ஆறு மாதம் முடிய ஒரே வாரம். ஒரு ஃபைல்கூடத் திரும்பி வராவிட்டால் வெள்ளிக்கிழமை வேலை நிரந்தரம். வந்தால், முன்பு இரண்டு வருஷம் நின்ற கும்மிடிப்பூண்டி பேக்கிங் லைனுக்கே திரும்ப வேண்டும். பத்து மணி நேரம் நின்று நின்று வீங்கிய கால், இப்போதுதான் செருப்புக்குள் அடங்க ஆரம்பித்திருந்தது.

தரக்கட்டுப்பாட்டுத் தலைவர் ராமஸ்வாமி. தன் கண்ணில் படாமல் உலகத்தில் எதுவும் சரியாகாது என்பது அவருடைய நம்பிக்கை. தன் பாஸ்வேர்டை இரண்டாம் வாரமே மறந்துவிட்டார். கேட்டால் கௌரவக் குறைச்சல். அதனால் யார் ஃபைலோ அவரை எழுப்பிவிட்டு, அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்து திருத்துவார்.

செவ்வாய்க்கிழமை சமீனாவை எழுப்பினார்.

"என்னம்மா இது? ஆயிரத்து எண்ணூத்து முப்பத்தொண்ணுல ஜான் பார்லோ காலமாயிட்டார்ங்கறே. அதனால இடைத்தேர்தல்ங்கறே. அதுல ஜெயிச்சதும் ஜான் பார்லோங்கறே."

"அது புள்ள சார். அப்பா பேரே தான் புள்ளைக்கும்."

"பெத்தவன் பேரைப் பிள்ளைக்கு எவனாவது வைப்பானோ? தாத்தா பேரை வைப்பான். அவா அம்மா பிள்ளையை எப்படிக் கூப்பிடுவா? புருஷன் பேரைச் சொல்லுவாளோ?"

"அவங்க ஊர்ல சொல்லுவாங்க போல சார். அந்த புக்லயே மகன்னு போட்டுக்குது."

"அப்போ புஸ்தகம் தப்பு."

"அப்பன் செத்தா புள்ளைக்கு சீட்டு சார். நம்ம ஊர்ல நடக்காததா?"

"சீட்டு தருவான். பேரைத் தர மாட்டான்."

இடைத்தேர்தல் நீக்கப்பட்டது; இறந்த வருஷம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. தகப்பனும் மகனும் ஒரே ஆளானார்கள். 1802 முதல் 1868 வரை, அறுபத்தாறு வருஷம், ஒற்றை ஜான் பார்லோ அசையாமல் உட்கார்ந்திருந்தார். சமீனா நின்றுகொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை லண்டனிலிருந்து ஃபைல் திரும்பி வந்தது. கூடவே ஒரு குறிப்பு: "உங்கள் பட்டியல்படி திரு பார்லோ இறந்த பிறகும் முப்பத்தேழு ஆண்டுகள் பதவியில் இருந்திருக்கிறார். அவருடைய மகனை என்ன செய்தீர்கள்?"

மேனேஜர் சந்திரமோகன் கூட்டம் போட்டார். அவர் ஒருமுறை கவுன்சிலருக்கு நின்றவர். சொந்தபந்தத்தில் மட்டும் அறுபது ஓட்டு இருந்தும் நாற்பத்தொன்று வாங்கியவர். ஊர் ஏற்காத ஜனநாயகத்தை அன்றிலிருந்து ஆபீஸுக்கு வழங்கிவருகிறார்.

"கம்ப்யூட்டர்ல யார் பேர்ல மாத்தம் ஆயிருக்குதுன்னு பார்த்துட்டேன். சமீனா பேரு."

"ராமஸ்வாமி சார்தான் மாத்தினாரு. என்ன எழுப்பி வுட்டுட்டு, என் சீட்ல ஒக்காந்துக்கினு. கல்பனா பாத்தா."

பக்கத்து சீட்டு கல்பனாவின் மாத மதிப்பெண்ணில் கையெழுத்துப் போடுபவர் ராமஸ்வாமி. "நான் ஹெட்போன் மாட்டிக்கினு இருந்தேன் சார்," என்றாள், தன் கீபோர்டிடம்.

ராமஸ்வாமி பெருந்தன்மையோடு தொண்டையைச் செருமினார். "சின்னப் பொண்ணு. தெரியாமப் பண்ணிட்டா. அவமேல எனக்கு வருத்தமே கிடையாது."

"நான் சர்வாதிகாரி இல்ல," என்றார் சந்திரமோகன். "ஓட்டெடுத்துடலாம். சமீனா இருக்கணும்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க."

கடைசி வரிசைக் குணாவின் கை தோள் வரை போய், அங்கே சொறிந்துவிட்டு இறங்கியது.

"எனக்கு ஓட்டு உண்டா சார்?"

சந்திரமோகன் கண்ணை மூடி யோசித்தார். சட்டம் பேசும் சந்தர்ப்பம் அவருக்கு அடிக்கடி கிடைப்பதில்லை. "உண்டு. வேட்பாளர் தனக்கே போட்டுக்கலாம்."

அவள் கையைத் தூக்கினாள். அவர் விரல் நீட்டி எண்ணினார். "ஒண்ணு."

"டெபாசிட்டு காலி," என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுக்க, சிரிப்பு வரிசையாகப் பரவியது.

எதிராக ஒன்பது கைகள். ராமஸ்வாமி தூக்கவில்லை. "நான் சம்பந்தப்பட்டவன். நடுநிலை வகிக்கறதுதான் தர்மம்," என்றார். கைதட்டினார்கள். முடிவை நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். வந்திருந்தவர் பட்டியலில் சமீனாவும் போட வேண்டியிருந்தது.

அவள் பையை எடுக்கும்போது சந்திரமோகன் கூப்பிட்டார். "போறதுக்குள்ள அந்த மகனைத் திரும்பப் போட்டுட்டுப் போம்மா. இங்க வேற யாருக்கும் அது புரியல."

அரைமணி நேரம் ஆயிற்று. இடைத்தேர்தல் நடந்தது. தகப்பன் செத்தான், மகன் ஜெயித்தான். ராமஸ்வாமி பின்னால் நின்று, கண்ணாடியை மூக்கில் இறக்கி, வரிவரியாகப் பார்த்தார்.

"இப்போ சரியா இருக்கு. இதை மொதல்லயே பண்ணிருக்கலாமோல்லியோ?"

"பண்ணிருந்தேன் சார்," என்றாள்.

அதற்குள் அவர் அடுத்த சீட்டுக்குப் போய், கல்பனாவை எழுப்பிக்கொண்டிருந்தார். சமீனா செங்குன்றம் பஸ்ஸுக்கு இறங்கினாள். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் கும்மிடிப்பூண்டி கம்பெனி வேன்.